குவெர்செடின் கேப்சூல்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

மருந்துக்கடை அலமாரியிலும் ஆன்லைனிலும் குவெர்செடின் என்ற பெயர் போட்ட டப்பாக்கள் கூடிக்கொண்டே வருகின்றன. அலர்ஜி, பி.பி., யூரிக் அமிலம், சளி, முதுமை என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேப்சூலையே சொல்கிறார்கள். இதில் எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை, யார் இதைத் தொடவே கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு காசு செலவழிப்பது நல்லது. முக்கியமாக, ஏற்கெனவே தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் மருந்துகளைப் பற்றிய கேள்வியைப் படித்துவிடுங்கள்.

குவெர்செடின் என்றால் என்ன? வைட்டமினா?

வைட்டமின் இல்லை. தாவரங்கள் தங்கள் தேவைக்காகத் தயாரித்துக்கொள்ளும் ஃபிளவனாய்டு என்ற பொருட்களில் ஒன்று. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து இலையையும் தோலையும் காப்பது இவற்றின் வேலைகளில் ஒன்று. பிரித்தெடுத்துப் பார்த்தால் மஞ்சள் பொடியாக இருக்கும், தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம்.

வைட்டமின் என்ற பேச்சு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1936-ல் ஹங்கேரியில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியும் ருஸ்ன்யாக்கும், எலுமிச்சையிலும் மிளகாயிலும் உள்ள ஃபிளவனாய்டுகள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் கசிவைக் குறைப்பதாகச் சொல்லி, அவற்றுக்கு 'வைட்டமின் P' என்று பெயர் கொடுத்தார்கள் (நாம் அறிந்த பி காம்ப்ளெக்ஸ் வேறு, அது B). வைட்டமின் என்றால் அது கிடைக்காதபோது ஒரு குறைபாட்டு நோய் வர வேண்டும். ஃபிளவனாய்டு விஷயத்தில் அப்படி எதுவும் நிரூபணம் ஆகவில்லை. அதனால் 1950 வாக்கில் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். 'உங்கள் உடம்பில் குவெர்செடின் குறைபாடு' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

நம் சாப்பாட்டில் எதில் கிடைக்கிறது?

முதலிடம் வெங்காயத்துக்குத்தான். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி சிவப்பு வெங்காயத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 39 மில்லிகிராம் இருக்கிறது. தோலோடு தின்னும் ஆப்பிளில் 4 மில்லிகிராம்தான். நம் சின்ன வெங்காயமும் இதில் வளமானது. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, வெண்டைக்காய், டீ இவற்றிலும் உண்டு. வெங்காயத்தில் வெளி அடுக்குகளில்தான் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும். எனவே உரிக்கும்போது காய்ந்த சருகை மட்டும் எடுங்கள். சதைப்பற்றுள்ள முதல் அடுக்கையும் சேர்த்துப் பிய்த்துப் போடுவது வீண்.

சமைத்தால் போய்விடாதா?

பெரும்பகுதி போகாது. வேக வைக்கும்போது கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். சாம்பாரிலும் குழம்பிலும் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தானே சாப்பிடுகிறோம்! கருகும்வரை வறுத்தால்தான் இழப்பு.

கேப்சூலில் இருப்பது வெங்காயத்திலிருந்து எடுத்ததுதானா?

பெரும்பாலும் இல்லை. சோஃபோரா ஜப்பானிக்கா என்ற மரத்தின் பூ மொட்டுகளிலிருந்து ரூட்டின் என்ற பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். ரூட்டின் என்பது சர்க்கரை ஒட்டிய குவெர்செடின். அந்தச் சர்க்கரையை அமிலத்தால் வெட்டி நீக்கினால் குவெர்செடின் மிஞ்சும். இந்த மரம் சீனாவில் அதிகம். பிரேசிலில் ஃபாவா டான்டா என்ற மரத்தின் காய்களிலிருந்தும் இப்படி எடுக்கிறார்கள். டப்பாவில் வெங்காயப் படம் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை, மூலக்கூறு ஒன்றேதான். ஆனால் சர்க்கரை ஒட்டியிருப்பதும் இல்லாததும் உடம்புக்குள் போனதும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

என்ன வித்தியாசம்? விழுங்கியது எல்லாம் ரத்தத்தில் சேராதா?

சேராது. இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெங்காயத்தில் குவெர்செடின் குளுக்கோஸ் ஒட்டிய நிலையில் இருக்கிறது. சிறுகுடல் சுவரில் உள்ள நொதிகள் அந்தக் குளுக்கோஸைக் கழற்றிவிட்டு மிச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ரூட்டினில் ஒட்டியிருப்பது வேறு வகைச் சர்க்கரை. சிறுகுடலால் அதை எளிதில் கழற்ற முடியாது. பெரும்பகுதி பெருங்குடல்வரை போய், அங்குள்ள பாக்டீரியா கை வைத்தால்தான் உண்டு. 1995-ல் நெதர்லாந்தில் ஹோல்மன் குழுவினர், பெருங்குடல் அகற்றப்பட்டவர்களைக் கொண்டு இதை அளந்தார்கள். வெங்காயத்திலிருந்து 52 சதவீதம், சர்க்கரை இல்லாத வெறும் குவெர்செடினிலிருந்து 24 சதவீதம், ரூட்டினிலிருந்து 17 சதவீதம் உறிஞ்சப்பட்டது. கேப்சூலில் வருவது பெரும்பாலும் இந்த நடு ரகம்.

உறிஞ்சப்பட்ட பிறகும் அது அப்படியே சுற்றிவருவதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் சேர்ந்து அதன்மேல் குளுக்குரோனிக் அமிலத்தையும் சல்ஃபேட்டையும் ஒட்டிவிடுகின்றன. ரத்தத்தில் ஓடுவது இந்த மாறிய வடிவங்கள்தான். தூய குவெர்செடின் அங்கே கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. ஆய்வுக்கூடத்தில் செல்கள்மீது ஊற்றிப் பார்ப்பது தூய குவெர்செடினை, அதுவும் மனித ரத்தத்தில் எப்போதும் எட்டாத அடர்த்தியில். 'புற்றுநோய் செல்லை அழித்தது', 'வைரஸைத் தடுத்தது' என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை இந்தக் கண்ணாடித் தட்டுச் சோதனைகள். அவற்றைப் பொய் என்று சொல்லவில்லை. அவை வேறொரு பொருளைப் பற்றிய, வேறொரு இடத்தில் நடந்த சோதனைகள்.

அப்படியானால் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பது?

சோதனைக் குழாயில் உண்மை. 2011-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஆக்ஸிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும், இதயத்துக்கு நல்லது, கல்லீரல் சிறுநீரகத்துக்கு நல்லது என்று குவெர்செடின் பெயரில் வந்த கோரிக்கைகளைப் பரிசீலித்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று நிராகரித்தது.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

நெதர்லாந்தின் ஸுட்ஃபென் ஊரிலிருந்து. 65 முதல் 84 வயதுக்குட்பட்ட 805 ஆண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பதிவு செய்து, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1993-ல் முடிவு வெளிவந்தது. ஃபிளவனாய்டு அதிகம் சாப்பிட்ட மூன்றில் ஒரு பகுதியினரில் இதயநோய்ச் சாவு, குறைவாகச் சாப்பிட்டவர்களில் இருந்ததில் பாதிகூட இல்லை. அவர்களுக்கு அது கிடைத்தது டீ, வெங்காயம், ஆப்பிள் வழியாக. சராசரி ஒரு நாளைக்கு 26 மில்லிகிராம்தான்.

சரி, 26 மில்லிகிராமே இவ்வளவு செய்தால் 500 மில்லிகிராம் என்னவெல்லாம் செய்யும் என்று நினைக்கத் தோன்றும். சப்ளிமெண்ட் வியாபாரம் நிற்பது இந்த நினைப்பின்மேல்தான். ஆனால் வெங்காயமும் ஆப்பிளும் அதிகம் சாப்பிடுகிறவர் வேறு பல விதத்திலும் வித்தியாசமானவர். 1997-ல் வேல்ஸ் நாட்டின் கேர்ஃபில்லியிலிருந்து வந்த ஆய்வில் இந்தப் பலன் தெரியவே இல்லை. அங்கே ஃபிளவனாய்டு முக்கியமாக வந்தது நம்மைப்போலப் பால் ஊற்றிக் குடித்த டீயிலிருந்து. உடனே பால்மேல் பழி விழுந்தது. ஆனால் 2001-ல் அளந்து பார்த்தபோது, பால் சேர்ப்பதால் டீயின் ஃபிளவனால்கள் (குவெர்செடினும் சேர்ந்த ஃபிளவனாய்டு வகை) உறிஞ்சப்படுவது குறையவில்லை. ஆக, பால் டீ குடிப்பவர்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சர்க்கரையைக் குறைத்தால் போதும்.

பி.பி. குறையுமா?

கொஞ்சம் குறைகிறது. குவெர்செடினுக்கு இருக்கும் மிக உறுதியான மனித ஆதாரம் இதற்குத்தான்.

2007-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தினம் 730 மில்லிகிராம் வீதம் 28 நாள் எடுத்தார்கள். மேல் எண் 7-ம் கீழ் எண் 5-ம் குறைந்தன. எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. 2009-ல் ஜெர்மனியில், அதிக எடை உள்ளவர்களுக்குத் தினம் 150 மில்லிகிராம் கொடுத்ததில் மேல் எண் 2.6 குறைந்தது. 2016-ல் ஏழு ஆய்வுகளை, அதாவது 587 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரியாக மேல் எண் 3, கீழ் எண் 2.6 குறைந்திருந்தது. தினம் 500 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம்தான் அது தெளிவாகத் தெரிந்தது.

3 என்பது எவ்வளவு? டாக்டர் எழுதித்தரும் சாதாரண பி.பி. மாத்திரை ஒன்று மேல் எண்ணை 9 போலக் குறைக்கும். தினம் சாப்பிடும் உப்பில் 4 கிராம் போலக் குறைத்தால், பி.பி. உள்ளவர்களுக்கு 5 போலக் குறைகிறது. அப்பளம், ஊறுகாய், கருவாடு, பேக்கரி நொறுக்குகள் இவற்றில் கை வைத்தாலே அந்த 4 கிராமில் பெரும்பகுதி வந்துவிடும், காசும் மிச்சம். பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு இயற்கை வழி என்று குவெர்செடினுக்கு மாறுவது ஆபத்து. பக்கவாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. மாத்திரையோடு சேர்த்து எடுத்தாலும் அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கித் தலைசுற்றல் வரலாம், டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யூரிக் அமிலத்துக்கு?

நம்பிக்கை தரும் சிறிய ஆய்வு ஒன்று 2016-ல் இங்கிலாந்தில் வந்தது. யூரிக் அமிலம் இயல்பு வரம்பின் மேல்பகுதியில் இருந்த 22 ஆண்கள் தினம் 500 மில்லிகிராம் நான்கு வாரம் எடுத்தார்கள், 8 சதவீதம் குறைந்தது. யூரிக் அமிலத்தை உண்டாக்கும் ஸாந்தீன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைக் குவெர்செடின் தடுக்கிறது. யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கும் கௌட் நோய்க்கான மருந்து அல்லோபுரினால் செய்யும் வேலையும் அதுதான். ஆனால் அவர்கள் நோய் இல்லாத ஆண்கள். கால் கட்டைவிரல் வீங்கி வலியில் துடிக்கிறவருக்கு இது பலன் தரும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

சர்க்கரை நோய்க்கு?

இல்லை. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.ஒன்.சி.யிலும் தெளிவான மாற்றம் தெரியவில்லை.

அலர்ஜி, தும்மலுக்கு இயற்கை மருந்து என்கிறார்களே?

ஹிஸ்டமினை வெளியே கொட்டும் மாஸ்ட் செல்களைக் குவெர்செடின் அடக்குவது ஆய்வுக்கூடத்தில் நன்றாகத் தெரிகிறது. மனிதர்களில் பெரிய, நல்ல ஆய்வுகள் இல்லை. காலையில் அடுக்குத் தும்மல் போடுகிறவர்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயும் சாதாரண அலர்ஜி மாத்திரையும் இதைவிடப் பல மடங்கு சோதிக்கப்பட்டவை. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை விட்டுவிட்டு இதை நம்பவே கூடாது.

சளி, கோவிட்?

2007-ல் தினம் 1000 மில்லிகிராம் எடுத்த சைக்கிள் வீரர்களுக்குக் கடும் பயிற்சிக்குப் பிந்தைய இரு வாரங்களில் சளி குறைவாக வந்தது. பிறகு 2010-ல் 1002 சாதாரண மக்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. நடுவயதோ அதற்கு மேலோ ஆன, தங்களுக்கு நல்ல உடற்தகுதி இருப்பதாகச் சொன்ன ஒரு பிரிவினர் மட்டும் நோயுற்ற நாட்கள் குறைந்ததாகச் சொன்னார்கள். கோவிட் காலத்தில் துத்தநாகத்தோடு சேர்த்து இது அமோகமாக விற்றது. அதைப் பற்றிய சோதனைகள் சிறியவை, சிகிச்சை முடிவெடுக்கப் போதாதவை.

முதுமையைத் தள்ளிப்போடும் என்று யூடியூபில் பார்த்தேன். உண்மையா?

2015-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்களும் மற்றவர்களும், முதுமையடைந்தும் சாகாமல் தங்கி வீக்கத்தை உண்டாக்கும் செல்களை அகற்ற, டசாட்டினிப் என்ற மருந்தையும் குவெர்செடினையும் சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். பலன் இருந்தது. 2019-ல் நுரையீரல் தழும்பு நோயுள்ள 14 பேருக்கு இந்த ஜோடியைக் கொடுத்ததில் நடைத் திறன் சற்றுக் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழு அதில் இல்லை. டசாட்டினிப் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து. ஜோடியில் பாதியான குவெர்செடினை மட்டும் விழுங்கி அதே பலனை எதிர்பார்க்க முடியாது. டசாட்டினிப்பை யாராவது ஆன்லைனில் வாங்கித் தானே சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

பக்க விளைவு உண்டா? புற்றுநோய் வரும் என்றும் எங்கோ படித்தேனே?

வாய்வழியாகத் தினம் 1000 மில்லிகிராம்வரை 12 வாரம் எடுத்த ஆய்வுகளில் பெரிய தொல்லை இல்லை. சிலருக்குத் தலைவலி, வயிற்றுக் கோளாறு, கை கால் மரமரப்பு. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தரவு மிகக் குறைவு. 'இயற்கை, எனவே வாழ்நாள் முழுக்க எடுக்கலாம்' என்ற பேச்சை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

புற்றுநோய்ப் பயத்துக்கும் ஒரு வேர் உண்டு. மிக அதிக அளவில் கொடுத்த ஆண் எலிகளுக்குச் சிறுநீரகக் கட்டிகள் வந்ததாக 1992-ல் அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் தெரிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1999-ல் இதை மூன்றாம் பிரிவில் வைத்தது, அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்த முடியாது என்று. பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 1996-ல் புற்றுநோயாளிகளுக்கு நரம்பு வழியாக அதிக டோஸ் ஏற்றியபோது சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஆகவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக எடுக்க வேண்டாம். குவெர்செடின் டிரிப் போடுகிறோம் என்று எந்த அழகு நிலையமோ வெல்னஸ் மையமோ கூப்பிட்டால் போகாதீர்கள்.

எந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்?

குடல் சுவரில் மருந்துகளை வெளியே தள்ளும் ஒரு பம்ப் இருக்கிறது. கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. பல மருந்துகளின் டோஸ் இவற்றைக் கணக்கில் வைத்தே முடிவு செய்யப்படுகிறது. அதிக அளவுக் குவெர்செடின் இவை இரண்டிலும் கை வைக்கிறது. வெங்காயத்தில் வரும் அளவு இந்தக் குழப்பத்தைச் செய்யும் என்று பயப்பட வேண்டாம், பேச்சு கேப்சூலைப் பற்றியது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் தொடவே கூடாது. மனிதர்களில் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் கூடியது, விலங்குகளில் குறைந்தது. எந்தப் பக்கம் போனாலும் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் கேடுதான். இதயத்துக்கு டைகாக்சின் எடுப்பவர்களும் அப்படியே. அதோடு குவெர்செடினும் கொடுத்த மூன்று பன்றிகளில் இரண்டு செத்துப்போயின. அலர்ஜிக்கான ஃபெக்ஸோஃபெனடினோடு ஒரு வாரம் தினம் மூன்று முறை 500 மில்லிகிராம் எடுத்தவர்களின் ரத்தத்தில் அந்த மருந்து ஒன்றரை மடங்காகக் கூடியது. கீமோதெரபி எடுப்பவர்கள் புற்றுநோய் டாக்டரிடம் கேட்காமல் எந்தச் சப்ளிமெண்டும் எடுக்கக்கூடாது.

டாக்டரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டை மட்டும் காட்டுகிறோம். சிங்கப்பூரிலிருந்து அக்கா அனுப்பிய டப்பாவைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அந்த டப்பாவையே கையில் எடுத்துப் போங்கள்.

மிளகுச் சத்து சேர்த்த குவெர்செடின் இன்னும் நன்றாக வேலை செய்யுமா?

மிளகின் பைப்பரின் உறிஞ்சலைக் கூட்டுகிறது என்பதற்காகச் சேர்க்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பைப்பரின் மற்ற மருந்துகளையும் சேர்த்தே கூட்டிவிடும். பி.பி.க்கான புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் இரண்டின் அளவும் அப்படிக் கூடியதை 1991-ல் இந்திய ஆய்வாளர்கள் மனிதர்களில் காட்டினார்கள். வேறு மருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கலவை வேண்டாம். மற்றவர்கள் கேப்சூலைக் கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தாலே உறிஞ்சல் கூடும்.

ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுக்கிறேன். இதையும் எடுக்கலாமா?

குவெர்செடின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. எலிகளில் இரும்பு உறிஞ்சலை அது குறைத்தது. நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது தெரிந்ததுதான். முதலில் ஹீமோகுளோபினைச் சரிசெய்யுங்கள், குவெர்செடின் காத்திருக்கட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எடுக்க வேண்டாம், பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய ஆய்வு இல்லை.

எல்லாம் யோசித்து, டாக்டரிடமும் கேட்டுவிட்டேன். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இந்தியாவில் இது மருந்தாக அல்ல, உணவுச் சப்ளிமெண்டாக விற்கப்படுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். அதே டப்பாவில் 'நோயைக் குணமாக்கும்' என்றும் அச்சிட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். 'குவெர்செடின் டைஹைட்ரேட் 500 மி.கி.' என்றால் அதில் ஒரு பகுதி தண்ணீர் மூலக்கூறு, உண்மையான குவெர்செடின் 447 மில்லிகிராம் போல இருக்கும். ஃபைட்டோசோம் என்று கொழுப்போடு பிணைத்து வருபவை பல மடங்கு அதிகம் உறிஞ்சப்படுகின்றன. சாதாரண ரகத்தின் டோஸை அதற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

எவ்வளவு, எத்தனை நாள்?

ஆய்வுகளில் பெரும்பாலும் தினம் 500 முதல் 1000 மில்லிகிராம், 4 முதல் 12 வாரம். பி.பி.க்காக எடுக்கிறீர்கள் என்றால் வீட்டில் மெஷின் வைத்துத் தொடங்குவதற்கு முந்தைய வாரமே அளந்து நோட்டில் எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து எண்ணில் மாற்றம் இல்லையென்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம். 500 மில்லிகிராமை வெங்காயத்தில் எடுக்க வேண்டுமென்றால் ஒன்றேகால் கிலோ வேண்டும், உறிஞ்சல் வித்தியாசத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் 600 கிராம் ஆகும். யாராலும் முடியாது. அதற்காகச் சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் இளப்பமில்லை. அவற்றில் நார்ச்சத்து வருகிறது, கீரையில் கால்சியம் வருகிறது, மருந்தோடு மோதுமோ என்ற கவலையும் இல்லை. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர் என்னைக் கேட்டால், மாதாமாதம் டப்பாவுக்குப் போகும் காசைக் காய்கறிக் கடையில் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பத்து வயது மகனுக்கு அடிக்கடி மூக்கடைப்பு. கால் கேப்சூல் கொடுக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன மனித ஆய்வுகள் எல்லாம் பெரியவர்களை வைத்து நடந்தவை, அவற்றிலிருந்து குழந்தைக்கான டோஸைக் கணக்கிட முடியாது. மூக்கடைப்பு தொடர்ந்தால் அடினாய்டு வீக்கமா, தூசி அலர்ஜியா என்று குழந்தைகள் டாக்டரோ காது மூக்கு தொண்டை டாக்டரோ பார்க்கட்டும். இரண்டுக்கும் வைத்தியம் வெவ்வேறு.